ஒரே அணியில் இரு தலைவர்கள்

டூர் டி பிரான்ஸ் போன்ற பல நாள் சைக்கிள் பந்தயத்தின் முடிவில் மேடையேறுகிறவர் ஒருவர். அவரை அங்கே ஏற்ற ஏழு பேர் மூன்று வாரம் உழைத்திருப்பார்கள். 21 கட்டங்கள், ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. விதிப்படி இது தனியாள் போட்டி, நடப்பில் அணிப் போட்டி. இந்த விளையாட்டின் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த முரணிலிருந்தே கிளம்புகின்றன. அவற்றுள் பழையதும் இன்றுவரை தீராததுமான கேள்வி ஒன்று உண்டு. வெல்லத் தகுதியுள்ள இருவர் ஒரே அணியில் இருந்தால் அது பலமா, பலவீனமா? ஓர் உறையில் இரண்டு கத்தி தங்காது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் தீர்ப்பு. பந்தய வரலாற்றை நிதானமாகப் புரட்டினால் அது பாதிதான் சரி என்று தெரிகிறது. எதிரணித் தலைவரை உடைப்பதற்கு இரண்டாம் தலைவரைவிடக் கூரிய ஆயுதம் கிடையாது. ஆனால் இருவரில் ஒருவர் தன் சொந்த வாய்ப்பை உண்மையிலேயே கைவிடத் தயாராக இருக்கும்போது மட்டுமே அந்த ஆயுதம் வேலை செய்கிறது. அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே பெறாத அணிகள் தமக்குள்ளேயே சண்டையிட்டன. சில சமயம் அப்படியும் வென்றன என்பதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது.

முதலில் காற்றைப் பற்றி. முன்னே ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் வருபவருக்குச் சமதளத்தில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். பெருங்கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் அதிகம். 121 பேர் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்து 2018இல் பெர்ட் பிளாக்கன் குழு வெளியிட்ட முடிவின்படி, நடுவில், பின்வரிசைகளில் ஒளிந்திருப்பவர் சந்திக்கும் காற்றுத் தடை, தனியே ஓட்டுபவர் சந்திப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான். ஆகவே ஒரு தலைவரின் கால்கள் மலையடிவாரம் வரை புத்துணர்வோடு இருப்பது அவருடைய உதவியாளர்களின் கொடை. இங்கேதான் இரண்டாம் தலைவரின் மதிப்பு தெரிகிறது. சாதாரண உதவியாளர் ஒருவர் வேகமெடுத்துப் பிரிந்து போனால் எதிராளி பொருட்படுத்தத் தேவையில்லை. மொத்த நேரத்தில் அவர் அரை மணி பின்தங்கியிருப்பார். முப்பது விநாடி மட்டுமே பின்தங்கிய ஒருவர் பிரிந்தால் விட முடியாது, துரத்தியாக வேண்டும். துரத்துபவர் காற்றை வாங்குவார். முதல் தலைவர் அவர் முதுகுக்குப் பின்னால் சும்மா வருவார். பிடித்தவுடன் முதல் தலைவர் பாய்வார். உதவியாளர் தருவது உழைப்பு. இரண்டாம் தலைவர் தருவது அச்சுறுத்தல். பந்தயத்தில் அச்சுறுத்தலின் விலையே அதிகம்.

டூர் பந்தயத்தைத் தொடங்கியவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1903இல் 'லோட்டோ' நாளிதழுக்காக டூர் பந்தயத்தை நிறுவிய ஆன்றி தெக்ராஞ்ச், ஒவ்வொருவரும் தன் கால்களை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டும் என்று விரும்பினார். 1911இல் மோரிஸ் புரோக்கோ என்பவர் பிறருக்குத் துணையாக ஓட்டத் தன்னை விற்றுக்கொள்வதாகச் சந்தேகித்து, அவரை வேலைக்காரர் என்று ஏசினார். அந்த ஏச்சே பின்னாளில் துணை வீரர்களின் தொழிற்பெயராக நிலைத்துவிட்டது. 1929இல் நோயுற்றிருந்த மோரிஸ் தெ வாலேயை அவருடைய அல்சியோன் கம்பெனி அணி கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போய் வெல்ல வைத்தது. பொறுமையிழந்த தெக்ராஞ்ச் அடுத்த ஆண்டே சைக்கிள் கம்பெனிகளின் அணிகளை ஒழித்து நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். மருந்து நோயைக் கூட்டியது. ஆண்டு முழுவதும் வெவ்வேறு கம்பெனிகளுக்காக மோதிக்கொள்பவர்கள் ஜூலை மாதம் மட்டும் ஒரே சட்டையைப் போட்டார்கள். இரு தலைவர் சிக்கல் அதற்கு முன் எப்போதாவது வரும் விபத்து. நாட்டு அணிக் காலத்தில் அது பந்தயத்தின் அமைப்பாகவே ஆனது. 1934இல் இருபது வயது ரெனே வியெத்தோ பைரனீஸ் மலையில் தன் சக்கரத்தைக் கழற்றி அணித்தலைவர் ஆந்தோனன் மாஞ்சுக்குக் கொடுத்துவிட்டுச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருந்த படம் பிரான்ஸ் முழுவதும் பரவியது. வென்றவர் மாஞ். மக்கள் மனத்தில் நின்றவர் வியெத்தோ.

ஃபௌஸ்தோ கோப்பி – ஜினோ பார்தாலி பகைதான் இவ்வகையில் முதல் பெரிய பாடம். 1948இல் நெதர்லாந்தின் வல்கன்பர்க்கில் நடந்த உலகப் போட்டியில் ஒரே இத்தாலிய அணியில் இருந்த இவ்விருவரும் மற்றவர் வென்றுவிடக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்து, கடைசியில் இருவருமே பாதியில் விலகினார்கள். மறு ஆண்டு டூர் அணிக்குப் பொறுப்பேற்ற அல்ஃப்ரேதோ பிந்தா பந்தயம் தொடங்கும் முன்பே இருவரையும் உட்கார வைத்து உடன்பாடு பேசினார். அது கிட்டத்தட்ட உடையவே இருந்தது. ஐந்தாம் கட்டத்தில் விழுந்த கோப்பி, மேலாளரின் கார் பார்தாலியோடு நின்றுவிட்டதென்று கோபித்து, வீட்டுக்கே போகிறேன் என்றார். அரை மணிக்கு மேல் பின்தங்கியும் போனார். ஆல்ப்ஸில் பிரியான்சோன் கட்டத்தை இருவரும் சேர்ந்து ஓட்டினார்கள். அன்று பார்தாலிக்கு 35 வயது நிறைந்த நாள். கட்டமும் மஞ்சள் சட்டையும் அவருக்கே. மறுநாள் ஆவோஸ்தா கட்டத்தில் பார்தாலிக்குத் தடங்கல் நேர்ந்தபோது கோப்பி முன்னே போகலாம் என்று பிந்தா அனுமதித்தார். பாரிஸில் கோப்பி முதலிடம், பார்தாலி 10 நிமிடம் 55 விநாடி பின்னால் இரண்டாமிடம். வல்கன்பர்க்கிலும் இதே கால்கள், இதே வெறுப்பு. நடுவில் மாறியது ஒன்றுதான்: யார் எப்போது விட்டுக்கொடுப்பது என்பதைச் சாலை தீர்மானிக்கும், அதை அறிவிக்கும் அதிகாரம் மேலாளருக்கு என்ற ஒப்புதல்.

பத்து ஆண்டு கழித்து பிரெஞ்சு அணிக்கு அந்த ஒப்புதல் வாய்க்கவில்லை. 1959இல் ஜாக் ஆங்கெத்திலும் ரோஜே ரிவியேரும் தேசிய அணியில் இருந்தார்கள். அந்த ஆண்டின் பிரெஞ்சுச் சாம்பியன் ஆன்றி ஆங்லாத் ஒரு வட்டார அணிக்காக ஓட்டினார். முதலிருவரும் ஒருவரையொருவர் கட்டிப்போட்டதோடு, ஆங்லாத் வென்றுவிடக் கூடாது என்பதில் ஒன்றுபட்டார்கள். டூர் முடிந்த பின் ஊர் ஊராக நடக்கும் காட்சிப் பந்தயங்களில்தான் அந்தக் காலத்து வீரர்களுக்கு வருமானம். அதைப் பிடித்துத் தரும் முகவர்களுக்கிடையே இருந்த போட்டியே இதற்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஸ்பெயினின் ஃபெதெரிக்கோ பாஹாமோந்தெஸ் 4 நிமிட வித்தியாசத்தில் வென்றார். ஆங்லாத் இரண்டு, ஆங்கெத்தில் மூன்று, ரிவியேர் நான்கு. பாரிஸில் கூட்டம் ஆங்கெத்திலுக்கு விசிலடித்தது. ஆனால் அவர் தன் கணக்கில் பிழை செய்யவில்லை. ஸ்பானியர் ஒருவர் வென்றால் உள்ளூர்ச் சந்தையில் அவர் விலை குறையாது. இன்னொரு பிரெஞ்சுக்காரர் வென்றால் குறையும். விட்டுக்கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அணியிடம் பதில் இல்லாதபோது, வெளியிலிருந்து ஒரு முகவர் பதில் வைத்திருப்பார்.

இந்த ஆய்வின் நடுநாயகமான வழக்கு 1985–86, கம்பெனி அணிகள் டூருக்குத் திரும்பிவிட்ட காலம். பெர்னார் தப்பியின் 'லா வி கிளேர்' அணியில் ஐந்தாவது வெற்றியைத் தேடிய பெர்னார் இனோவும், இளம் அமெரிக்கர் கிரெக் லெமாண்டும் இருந்தார்கள். 1985இல் இனோ விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டு தடுமாறினார். லூஸ் ஆர்திதென் மலையில் லெமாண்ட் எதிரணியின் ஸ்டீபன் ரோச்சோடு முன்னே போய்க்கொண்டிருந்தபோது அணிக் கார் அவரை நிறுத்தியது: இனோ அருகில்தான் வருகிறார், ரோச்சுக்கு உதவாதே. உண்மையில் இனோ அவர்கள் சொன்னதைவிடத் தூரத்தில் இருந்தார். லெமாண்ட் பணிந்தார், இனோ 1 நிமிடம் 42 விநாடியில் வென்றார், அடுத்த ஆண்டு உனக்காக ஓட்டுவேன் என்று வாக்களித்தார். 1986இல் பன்னிரண்டாம் கட்டத்திலேயே அந்த வாக்கு காற்றில் போனது. பெத்ரோ தெல்காதோவோடு பிரிந்து போன இனோ, போ நகரை அடைந்தபோது மொத்த நேரத்தில் லெமாண்டைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னே இருந்தார். மறுநாளும் தனியே பாய்ந்தார். சுப்பர்பன்யேர் ஏற்றத்தில் ஓய்ந்தார். அந்தக் கட்டத்தை லெமாண்ட் வென்றார். பிறகு 2,413 மீட்டர் உயரக் கிரனோன் மலையில் மஞ்சள் சட்டை கை மாறியது. ஆல்ப் தூயெஸில் இருவரும் கைகோத்து எல்லையைக் கடந்த காட்சியை நட்பு என்று நம்பியவர் யாரும் அணிக்குள் இருந்திருக்க முடியாது. எதிரிகளைச் சோர்வடையச் செய்து லெமாண்டுக்கு உதவவே பாய்ந்தேன் என்பது இனோவின் விளக்கம். இதை முழுப் பொய் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உர்ஸ் சிம்மர்மானைப் போன்ற மற்ற போட்டியாளர்கள் அந்தப் பாய்ச்சல்களைத் துரத்தியே களைத்தார்கள். அணி முதலிரண்டு இடங்களையும் பிடித்தது. ஆனால் ஐந்து நிமிட முன்னிலையை எடுத்துக்கொள்வது உதவியின் எல்லையைக் கடந்தது. இனோ எதையும் கைவிடவில்லை; அவர் கால்கள் அவரைக் கைவிட்டன. அணிக்குக் கிடைத்த வெற்றி தற்செயலாக வாய்த்தது.

அடுத்த ஆண்டு ஜிரோ தி இத்தாலியாவில் கரேரா அணியின் ரோச், முன்னிலையாளருக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையில் இருந்த தன் அணியின் ரொபெர்த்தோ விசெந்தினியை சப்பாதா போகும் வழியில் தாக்கினார். அணியே அவரைத் துரத்த உத்தரவானது. அவர் பக்கம் நின்ற ஒரே சக வீரர் எடி ஸ்கெப்பர்ஸ். ரோச் ஜிரோவை வென்றார். அவ்வாண்டு டூரையும் உலகப் பட்டத்தையும் சேர்த்தே வென்றார். 2009 டூருக்கு அஸ்தானா அணி, தலைவராகக் கொந்தாதோர் இருக்கும்போதே ஓய்விலிருந்து திரும்பிய முன்னாள் நட்சத்திரம் ஆம்ஸ்ட்ராங்கையும் சேர்த்துக்கொண்டது. லா கிராந்த் மோத் போகும் வழியில் பக்கக் காற்றில் கூட்டம் உடைந்தபோது, முன்கூட்டத்தில் ஆம்ஸ்ட்ராங்கோடு இருந்த இரு சகாக்கள் வேகத்தைக் கூட்டினார்கள். பின்னால் சிக்கியவர் அவர்களுடைய சொந்தத் தலைவர் கொந்தாதோர். அவருக்கு நட்டம் 41 விநாடி. ஆனாலும் டூரை அவரே வென்றார். 1986 உட்பட இந்த மூன்று வழக்குகளையும் காட்டி, உட்பூசல் வெற்றியைக் கெடுக்காது என்று வாதிடலாம். கெடுக்கவில்லைதான். மூன்றிலும் அந்த அணியில் இருந்த ஒருவர் அந்தப் பந்தயத்தின் ஆகச் சிறந்த வீரராக இருந்தார். அணி இருந்தும் வென்றார், அணியால் வெல்லவில்லை. இரு தலைவர்கள் சேர்ந்து, தங்களைவிட வலுவான மூன்றாமவரை வீழ்த்த முடியுமா என்பதுதான் உண்மையான சோதனை.

அந்தச் சோதனை 2022 ஜூலை 13 அன்று நடந்தது, அதுவும் அதே கிரனோன் மலையில்; 1986க்குப் பிறகு டூர் அங்கே முடிந்தது அன்றுதான். தாதே போகாச்சார் முந்தைய இரு டூர்களையும் வென்றவர், மஞ்சள் சட்டையில் இருந்தார். யம்போ-விஸ்மா அணியிடம் விங்கெகார்ட், ரோக்லிச் என்று இரு தலைவர்கள். உச்சிக்கு வெகு தொலைவில், கிரனோனுக்கு முன்னால் வரும் கலிபியே ஏற்றத்தின் தொடக்கப் பகுதியிலேயே இருவரும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். போகாச்சார் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். கொரோனாவால் ஆளிழந்த அவர் அணியிலிருந்து அந்த நேரத்தில் பக்கத்தில் துணை இல்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் ஓட்டினார். கிரனோனின் கடைசிச் சில கிலோமீட்டரில் விங்கெகார்ட் எழுந்தபோது அவரால் தொடர முடியவில்லை. ஒரே மலையில் 2 நிமிடம் 51 விநாடி போனது. பந்தயம் முடிந்தபோது மொத்த வித்தியாசம் 2 நிமிடம் 43 விநாடி. இதில் கவனிக்க வேண்டியவர் ரோக்லிச். முன்பே விழுந்து தோள் விலகியிருந்த அவர், கலிபியேயில் தன்னைச் செலவழித்துவிட்டு அன்று பல நிமிடம் பின்னால் வந்தார். நான்கு நாளில் பந்தயத்தைவிட்டே விலகினார். காயம் அந்தத் தியாகத்தைச் சுலபமாக்கியது என்பது உண்மை. ஆனால் பாய்ந்த நேரத்தில் அவர் பயமுறுத்தும் அளவுக்கு அருகில் இருந்தார், பாய்ந்தபின் திரும்ப முடியாத அளவுக்குத் தீர்ந்துபோனார். இரண்டும் சேர்ந்ததால்தான் வேலை செய்தது.

இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மொவிஸ்டார் அணி சாட்சி. 2018 டூருக்குக் கின்தானா, லாந்தா, வல்வெர்தே என்று மூன்று தலைவர்களை அனுப்பியது. முடிவில் மூவரும் முறையே பத்து, ஏழு, பதினான்கு. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அணியின் முதல் மூவர் நேரத்தைக் கூட்டித் தரும் அணிப் பரிசை அந்த அணியே வென்றது! மறு ஆண்டும் மூவரும் முதல் பத்துக்குள், அணிப் பரிசு அவர்களுக்கே, முதல் மூன்று இடங்களில் ஒருவரும் இல்லை. மூவரும் ஓரளவு நன்றாக ஓட்டி, யாரும் தன் இடத்தை இழக்கத் துணியாத அணிக்கு இந்த விளையாட்டு தருவது அந்தப் பரிசுதான்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான சான்று ஸ்கை அணி. 2012 முதல் 2019 வரையிலான எட்டு டூர்களில் ஏழை அது (பின்னர் இனியோஸ் என்ற பெயரில்) வென்றது; ஒரே தலைவர், அவர் முன் வரிசையாக உதவியாளர்கள், மலை முழுவதும் சீரான வேகம், யாரும் பிரிந்து போக முடியாத இறுக்கம். ஒற்றைத் தலைமையே போதும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தப் பட்டியலை நெருங்கிப் பார்த்தால் 2012இல் விக்கின்ஸுக்கு அடுத்து வந்தவர் அவர் அணியின் ஃப்ரூம். லா துசுயீர் ஏற்றத்தில் தலைவரை விட்டு முன்னேறப் போனவரைக் காதுக் கருவி வழியே நிறுத்தினார்கள். 2018இல் நான்கு முறை வென்ற ஃப்ரூம் தலைவராகக் கிளம்ப, வென்றவர் அவருடைய சகா தாமஸ். 2019இல் பெர்னால் முதலிடம், தாமஸ் இரண்டாமிடம். ஒற்றைத் தலைமை என்று நாம் நினைவில் வைத்திருப்பது பல ஆண்டுகளில் இருவர் தலைமைதான். அங்கே பணமும் ஒழுங்கும் இரண்டாமவரின் சம்மதத்தை முன்பே வாங்கி வைத்திருந்தன. ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு வெற்றிகளை ஒற்றைத் தலைமைக்குச் சான்றாகச் சொல்வாரும் உண்டு. ஊக்கமருந்துக்காக 2012இல் அவை பறிக்கப்பட்டதால் அவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: வலுவானவர் போதுமான அளவு வலுவாக இருந்தால் எந்த அணித் தந்திரமும் செல்லாது. 2020இல் இதே யம்போ அணி மூன்று வாரமும் பந்தயத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது. கடைசிக்கு முந்தைய நாள், தனித்தனியே ஓட்டி நேரம் பார்க்கும் கட்டத்தில், 57 விநாடி முன்னிலையோடு கிளம்பிய ரோக்லிச் போகாச்சாரிடம் 59 விநாடி வித்தியாசத்தில் டூரையே இழந்தார். போகாச்சாருக்கு அந்த ஆண்டு சொல்லிக்கொள்ளும்படி அணியே இல்லை. 2024இல் அவர் ஜிரோவையும் டூரையும் சேர்த்து வென்றார். டூரில் 6 நிமிடம் 17 விநாடி. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் பங்கும் குறைகிறது. தனித்தனி ஓட்டத்தில் ஒளிவதற்கு முதுகே இல்லை. அங்கே ஆள் ஆளோடுதான் மோதுகிறார். ஆனால் 2020இல் யம்போ தோற்றதற்குக் காரணம் அணி பலவீனமாக இருந்தது அல்ல. அந்த அணி பலத்தை ஒரே வழியில், வேகத்தை ஏற்றி எல்லோரையும் அடைத்து வைப்பதில் மட்டும், செலவழித்தது. மலைகளில் போகாச்சாரை யாரும் துரத்த வைக்கவில்லை. இரண்டாண்டு கழித்து அதே அணி அதே மனிதரைத் துரத்த வைத்தது. தந்திரம் எப்போதும் வெல்லும் என்று சொல்லவில்லை. வெல்ல முடியாதவர் என்று தோன்றியவரை அது ஒருமுறையாவது வென்றிருக்கிறது.

சம்மதம் எதிர்த் திசையிலும் கேட்கப்படலாம் என்பதை ஸ்பெயினின் பெரும் பந்தயமான வுவெல்தா 2023இல் காட்டியது. அந்த ஆண்டு ரோக்லிச்சுக்காக ஜிரோவிலும் விங்கெகார்டுக்காக டூரிலும் உழைத்த யம்போவின் செப் குஸ், ஸ்பெயினில் தற்செயல்போல முன்னிலை பெற்றார். அங்லிரு மலையில் அவருடைய இரு தலைவர்களும் அவரை விட்டுவிட்டு மேலே போனார்கள். மிஞ்சிய முன்னிலை 8 விநாடி. மலையில் வேகமானவர் முன்னே போவதில் என்ன தவறு என்று கேட்டவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. தெக்ராஞ்சும் அதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் எதிரணிகள் எல்லாம் தோற்றுவிட்ட நிலையில் அந்தப் பாய்ச்சல் யாரையும் அச்சுறுத்தவில்லை. தம் சகாவைத் தவிர. எதிர்ப்பு எழுந்தது, அணி முடிவெடுத்தது, குஸ் 17 விநாடியில் வென்றார். மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் ஒரே அணி வென்றது அதுவே முதல் முறை.

முடிவெடுக்காமலே விட்டால் விநாடிகள் எப்படிக் கசியும் என்பதற்குப் பெண்கள் டூர் 2024. மஞ்சள் சட்டையிலிருந்த டெமி வொலெரிங் அம்னேவீல் அருகே விழுந்தார். அந்தக் கட்டத்தை வென்றவர் அவருடைய எஸ்டி வொர்க்ஸ் அணியின் பிளாங்கா வாஸ். நெரிசலில் யார் விழுந்தார் என்பதே முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அணியாகத் திரும்பி அவரை இழுத்து வரவில்லை; ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனது. கடைசி நாள் ஆல்ப் தூயெஸை வொலெரிங் வென்றார், டூரை காசியா நியெவியாடோமாவிடம் 4 விநாடியில் இழந்தார். கட்ட வெற்றியா, மொத்த வெற்றியா என்ற முன்னுரிமை ஒரு கணம் தெளிவாக இருந்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

2025 ஜிரோவுக்கு ஐக்கிய அரபு அமீரக அணி ஹுவான் அயுசோ, ஆதம் யேட்ஸ், இசாக் தெல் தோரோ என்று மூவரோடு வந்தது. இளையவரான தெல் தோரோ எதிர்பாராமல் இளஞ்சிவப்புச் சட்டையைப் பிடித்தார். அதன் பிறகும் யார் தலைவர் என்று அணி பல நாள் தெளிவாகச் சொல்லவில்லை. கடைசிப் பெருமலையான ஃபினெஸ்த்ரேயில் அவர் பக்கத்தில் சகா ஒருவரும் இல்லை. எதிராளி ரிச்சர்ட் கராபாஸும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, 1 நிமிடம் 21 விநாடி பின்தங்கியிருந்த, வேறோர் அணியின் சைமன் யேட்ஸ் போய்விட்டார். மலைக்கு அப்பால் அவருக்காக அவருடைய சகா வவுட் வான் ஆர்ட் காத்திருந்தார்; தன் கட்ட வெற்றியை மறந்து பள்ளத்தாக்கு முழுவதும் இழுத்துக் கொடுத்தார். வெல்லத் தகுந்த மூவரைக் கொண்ட அணி, விட்டுக்கொடுத்த ஒருவரைக் கொண்ட அணியிடம் 3 நிமிடம் 56 விநாடியில் தோற்றது.

ஆகவே மேலாளர்களுக்கு என் தீர்ப்பு: இருவரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எந்த மலைக்குப் பிறகு யார் யாருக்காக ஓட்டுவார் என்பதையும் அதற்கான கூலியையும் கிளம்பும் முன் எழுதிவிடுங்கள், ஒரு பருவத்துக்கு மேல் அது நீடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜிரோவை வென்ற ரோச் 1988இல் ஃபாகோர் அணிக்குப் போனார். ஆம்ஸ்ட்ராங் 2010இல் வேறு அணி சேர்த்தார். ரோக்லிச் 2023 முடிவில் போராவுக்கும், அயுசோ 2025 முடிவில் லிட்ல்-ட்ரெக்குக்கும் போனார்கள்.